மரம் வெட்டுன எடத்துல தரைச்செடிய கணக்கெடுக்குறது எப்படி

மரம் வெட்டுன எடம் மறு மழைக்கே பச்சைப்பசேல்னு ஆயிடும், அத பாத்துட்டு ஒண்ணும் ஆகலையேன்னு சொல்லுவாங்க, ஆனா அது என்ன பச்சைன்னு குனிஞ்சு பாத்தாதான் தெரியும். ஒடுகத்தூர் பக்கம் மாமாவோட சவுக்குத் தோப்புல நான் பாத்த மாதிரியே சொல்றேன்.

மொதல்ல தரையில வெச்சு எண்ண ஒரு சதுர சட்டம் செஞ்சுக்கணும்: அரை இன்ச் பிவிசி பைப் ஒரு மீட்டர்ல நாலு துண்டு, எல்போ நாலு. மூணு மூலைய மட்டும் பசை போட்டு ஒட்டுங்க, நாலாவது சும்மா சொருகி வைங்க, இல்லைன்னா நிக்கிற மரத்த சுத்தி சட்டத்த போடவே முடியாது (நாலையும் ஒட்டிட்டு அப்புறம் ரம்பம் தேடுன ஆளு நானு).

வெட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தடவ எண்ணிடணும். நான் விட்டுட்டேன், அதனால பக்கத்துல வெட்டாத பாத்திய வெச்சுதான் ஒப்பிட்டேன். வெட்டுன எடத்த மூணா பிரிச்சுக்கோங்க: டிராக்டர் ஓடுன தடம், மிலாறு (கழிச்ச சின்னக் கிளைங்க) குவிச்ச எடம், சும்மா வெட்டி விட்ட எடம். ஒவ்வொண்ணுலயும் பத்து சட்டம், 15 அடி நடந்து கால் நிக்கிற எடத்துலயே போடணும், அழகா இருக்குற எடமா தேடக்கூடாது. உள்ள எந்தச் செடி எவ்ளோ தரைய மூடுதுன்னு எழுதுங்க, உள்ளங்கை அளவு சுமாரா 1 சதவீதம்.

ஏன் மூணா பிரிக்கணும்னா, கனடா, பின்லாந்து மாதிரி வடக்குல இருக்குற ஊசியிலைக் காட்டுல தரை முழுக்க பாசி மெத்தை மாதிரி கெடக்கும், அதுக்கு மண்ணுல தண்ணி உறிஞ்சுற வேர் கெடையாது, நிழல் போனா காஞ்சு போயிடும். ஆனா ப்ளூபெர்ரி செடிக்கு தண்டு மண்ணுக்குள்ள ஓடும், மேல என்ன வெட்டுனாலும் திரும்ப தளிர்க்கும், மெஷின் மண்ண சொரண்டுனாதான் அதுக்கு சாவு. அதான் நிறைய எடத்துல தரை உறைஞ்சு பனி மூடுன குளிர்காலத்துல வெட்டுறாங்க. அங்க வெட்டுன உடனே காத்துல பறந்து வர்ற வெதைங்க, புல்லு எல்லாம் வந்து சேந்து செடி வகை கூடவே தெரியும், அதனால எத்தன வகைன்னு மட்டும் எண்ணுனா ஏமாந்துடுவோம். ஆல்பர்ட்டாவுல 1998ல ஆரம்பிச்ச சோதனையில 10, 20, 50, 75 சதவீதம்னு மரத்த விட்டு வெட்டி, மொட்டையா வெட்டுனதோட ஒப்பிட்டு பாத்துட்டே இருக்காங்க.

சவுக்கு பாக்க ஊசியிலை மரம் மாதிரிதான் இருக்கும், ஆனா அந்த சாதியே இல்ல, பூக்குற மரம், ஊசின்னு நாம நெனைக்கிறது மெல்லிசான கிளை. ஆனாலும் கணக்கெடுக்குற மொறை ஒண்ணுதான். இங்க ப்ளூபெர்ரி எடத்துல நன்னாரி, கிழங்கு வேர் தப்பிச்சா கொடி திரும்ப வரும். சும்மா வெட்டி விட்ட எடத்துல வந்துச்சு, டிராக்டர் தடத்துல வெறும் பார்த்தீனியமும் அருகும்தான். "இன்னாத்துக்குடா புல்ல எண்ணிகினு இருக்க"ன்னு மாமா கேட்டாரு, தடத்துல கத்திய குத்தி பாக்க சொன்னேன், ரெண்டு விரலுக்கு மேல எறங்கல.

மூலையில பெயின்ட் அடிச்ச கல்லு ஒண்ணு பொதைச்சிடுங்க, ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் அதே எடம், அதே மாசம், வருஷா வருஷம்.