கரி, சாவி, மோதிரம்: கரண்ட் போன ராத்திரிக்கு மூன்று வித்தைகள்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர 18 நாள் ஆனது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்துபோன சித்தப்பா அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். விழுந்த மரங்களைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்த ஒரு ராத்திரி, திண்ணையில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, "பாப்பா, ரெண்டு கையையும் நீட்டு" என்றார். நீட்டினேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போனது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மேடை ஏறியதில்லை. கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி, மழைக்கு ஒதுங்கிய இடம், கரண்ட் போன கடை, இவ்வளவுதான் என் அரங்கம். சித்தப்பா கற்றுக்கொடுத்த மூன்றை இங்கே சொல்கிறேன். அவர் சொன்ன ஒரு விதி மூன்றுக்கும் பொது: பேய் என்ற வார்த்தையை வாயிலிருந்து விடாதே. நீங்கள் சொன்னால் கேட்கிறவர் சிரித்துவிடுவார். சொல்லாமல் விட்டால் அவரே நினைத்துக்கொள்வார்.

முதலில் கரி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மெழுகுவர்த்தியை ஏற்றிய தீக்குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள். நன்றாக ஆறிய பிறகு, வலது கையின் நடுவிரல் நுனியில் அதன் கரியை அழுத்தித் தடவிக்கொள்ளுங்கள். பேச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும்போதே இது முடிந்துவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் எப்போதும் லேசாக ஈரமாகத்தான் இருக்கும், கரி நன்றாக ஒட்டும். மீதிக் குச்சியைப் பக்கத்தில் வையுங்கள். ஊதுபத்திச் சாம்பலிலும் செய்யலாம். திருநீற்றில் மட்டும் செய்ய வேண்டாம். யாராவது காலில் விழுந்துவிட்டால் பிறகு உண்மையைச் சொல்வது கஷ்டம்.

எதிரே இருப்பவரை உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள். எப்படி நீட்டினாலும், "இன்னும் கொஞ்சம் மேல, அக்கா" என்று சொல்லி இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி வையுங்கள். உங்கள் கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. வித்தை முழுவதும் இந்த நொடியில் முடிந்துவிடுகிறது. நடுவிரல் அவருடைய இடது உள்ளங்கையில் பட்டுவிட்டது. உடனே கையை எடுத்துவிட்டு, இரண்டையும் இறுக்கி மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது அவசரப்படாதீர்கள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் கெடுப்பார்கள். நீங்கள் தொட்டதை அவர் மறக்க ஒரு நிமிஷமாவது வேண்டும். நான் பாட்டியைப் பற்றிப் பேசுவேன். விளக்கு வைத்த பிறகு வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'ஏன்' என்று கேட்கக் கூடாது, மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்பார் பாட்டி. இதைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. அதனால் கதையை நீட்ட வேண்டியதில்லை, பாதி அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், "ஒரு கையை இறக்கிடுங்க" என்பேன். கரி இல்லாத வலது கையை இறக்கினால், "சரி, நீட்டின கை அப்படியே இருக்கட்டும்." கரி உள்ள இடது கையை இறக்கினால், "சரி, அதை மடியில வச்சுக்கங்க, இன்னொண்ணு வேண்டாம்." எதை இறக்கினாலும் எனக்கு வேண்டிய கைதான் மிஞ்சும். அவரோ தானே தேர்ந்தெடுத்ததாகத்தான் பிறகு எல்லாரிடமும் சொல்வார். குச்சியில் மிஞ்சிய கரியைப் பொடித்து, அந்த மூடிய கையின் புறங்கையில் கொஞ்சமே கொஞ்சம் வைத்து, காணாமல் போகும்வரை மெதுவாகத் தேயுங்கள். தேய்த்த பிறகு அவர் பெயரை மெல்லக் கூப்பிடுங்கள். நிறுத்துங்கள். இரண்டாவது தடவை. நிறுத்துங்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் கையைத் திறக்கச் சொல்லுங்கள். புறங்கையில் தேய்த்த கரி உள்ளே இறங்கியது போல உள்ளங்கையில் இருக்கும்.

திறந்த பிறகு நீங்கள் ஒன்றும் பேசக் கூடாது. "பாத்தீங்களா?" என்று கேட்டால் எல்லாம் போச்சு.

அடுத்தது சாவி. உருண்டைத் தண்டும் ஒரு பக்கம் கனமான பல்லும் உள்ள பழைய இரும்புச் சாவி வேண்டும். இப்போதைய தட்டைச் சாவி உருளாது. என்னுடையதைப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய இரும்புக் குவியலில் 80 ரூபாய்க்கு வாங்கினேன். கையை விரித்து, விரல்களுக்குக் குறுக்கே சாவியை வையுங்கள். வளையத் தலை விரல்களுக்கு வெளியே நிற்க வேண்டும், பல் உங்கள் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். விரல் நுனிகளை ஒரு நூலளவு தாழ்த்தினால் பல்லின் கனத்தில் சாவி மெல்லப் புரண்டு படுக்கும். அந்த நூலளவு வெளியே தெரியாமல் இருக்கக் கண்ணாடி முன் பத்து நாளாவது பழக வேண்டும். கண்ணாடியை நம்பாதவர்கள் போனை எதிரே சாய்த்துவைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். நான் முதலில் எடுத்ததில் கை அசைந்ததைவிட என் புருவம் அதிகமாக ஏறி இறங்கியது.

தேவனாம்பட்டினத்தில் யாரிடம் காட்டினாலும் "கோட்டைச் சாவியா?" என்று கேட்பார்கள். அங்கிருந்த புனித டேவிட் கோட்டையை 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துத் தள்ளிவிட்டது. பூட்டுவதற்கு அங்கே கதவு ஏது? ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சந்தையில் வாங்கினேன் என்ற உண்மையைத்தான் சொல்வேன். "எந்த வீட்டுதுன்னு விக்கிறவருக்கே தெரியலை" என்று சேர்த்துக்கொள்வேன். அதுவும் உண்மைதான். அதைக் கேட்டபின் சாவி புரளும்போது பார்க்கிறவர் தோள் சுருங்குவதைக் கவனியுங்கள்.

மூன்றாவது மோதிரம். இதில் கைத்திறமையே தேவையில்லை, அதுதான் இதன் ஆபத்தும். ஒரு சாண் நூலில் மோதிரத்தைக் கட்டி, முழங்கையை எதன்மேலும் ஊன்றாமல் எதிரே இருப்பவரையே பிடிக்கச் சொல்லுங்கள். மோதிரம் முன்னும் பின்னும் ஆடுவதாக அவர் நினைத்தால் போதும், ஆடத் தொடங்கும். கையை அசைக்கவே இல்லை என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. தசை அவருக்கே தெரியாமல் அசைகிறது. மெழுகுவர்த்திக் கொழுப்பை ஆராய்ந்த செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், கண்ணைக் கட்டிக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடுவதைச் சோதித்துப் பார்த்து 1833-இல் எழுதியிருக்கிறார். போர்வெல் போட இடம் பார்க்கிறவர் கையில் தேங்காய் எழுந்து நிற்பதற்கும் இந்தச் சின்ன அசைவுதான் காரணம் என்பது என் கட்சி. அதை எங்கள் மாமனார் முன்னால் சொல்ல மாட்டேன்.

பேய் என்ற வார்த்தையைச் சொல்லாமலேயே ஒரு தடவை நான் சித்தப்பாவின் விதியை மீறினேன். ஒரு விசேஷத்துக்கு வந்திருந்த பெரியம்மா ஒருவர் கையில் மோதிரத்தைக் கொடுத்து, "யாரையாவது நினைச்சுக்கிட்டு ஏதாவது கேளுங்க" என்றேன். அவர் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பது என் நினைவில் இல்லை. கண்ணை எடுக்காமல் நூலையே பார்த்தார். உதடு அசைந்தது. மோதிரம் பெரிதாக ஆடியது. உடனே உட்கார்ந்து, தசை, நினைப்பு, செவ்ரல் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "புரியுதும்மா. இன்னொரு தடவை பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

அன்றிலிருந்து மோதிரத்திடம் காசு எங்கே என்று மட்டும்தான் கேட்கிறேன். மூன்று எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். நீங்கள் திரும்பி நிற்கும்போது அவர் ஒன்றின் அடியில் ஒரு ரூபாயை ஒளிக்கட்டும். பிறகு நூலைப் பிடித்து ஒவ்வொரு டம்ளருக்கு மேலும் கொஞ்ச நேரம் நிறுத்தட்டும். 'காசு இருந்தால் வட்டமாகச் சுற்றும்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒளித்தவர் கையே காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு அசையவே அசையாது. அப்போது, "இன்னிக்கு இதுக்கு மனசில்லை போல" என்று நூலைச் சுருட்டிவிட்டுச் சாவியை எடுங்கள்.

"இன்னொரு தடவை செய்" என்று கேட்டால் கரியைத் திரும்பச் செய்யாதீர்கள். இரண்டாவது தடவை எல்லாரும் உங்கள் விரலைத்தான் பார்ப்பார்கள். செய்து முடித்த கையோடு விரலைக் கழுவிவிடுங்கள். ஒருநாள் கழுவாமல் பஜ்ஜித் தட்டில் கை வைத்தேன். அக்கா மகன் பஜ்ஜியைத் திருப்பிப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், "சித்தி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா எனக்கும் சொல்லிக்கொடுக்கணும்" என்றான்.