கணக்கு மேசையிலிருந்து மேலாளர் பொறுப்புக்கு

ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இளநிலை அலுவலராகச் சேர்பவர், முதல் சில ஆண்டுகளில் மாதக் கணக்கு முடிப்பு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி படிவங்கள், எம்ஐஎஸ் எனப்படும் நிர்வாகத்துக்கான அறிக்கை ஆகியவற்றிலேயே மூழ்கிவிடுகிறார். இவற்றைப் பிழையின்றிச் செய்துவந்தால் பதவி உயர்வு தானாக வந்து சேரும் என்று பலரும் நம்புகிறார்கள். பிழையின்மை இருக்கும் வேலையைக் காப்பாற்றும். மேலாளராக உயர, எண் ஏன் மாறியது, இனி என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அறிக்கையை மாற்றுங்கள். மூலப்பொருள் செலவு பட்ஜெட்டைவிட 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அந்த உயர்வில் விலையேற்றத்தால் வந்தது எவ்வளவு, கூடுதல் பயன்பாட்டால் வந்தது எவ்வளவு, உற்பத்தி அளவு மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால், விலைக்குக் கொள்முதல் பிரிவும் வீணடிப்புக்குத் தொழிற்சாலையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதற்கு இருக்கையை விட்டு எழுந்து போக வேண்டும். எக்செல் தாளில் அரை நாள் தேடியும் அகப்படாத விடையை, ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்தது, வரப்போவதை முன்கூட்டியே சொல்வது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. மார்ச் 31 கடந்தபின் தணிக்கையாளர் கேட்டு இதை எடுத்துத் தருபவர் எழுத்தராகவே இருக்கிறார். பிப்ரவரியிலேயே நிலுவைப் பட்டியலையும் அதனால் கூடக்கூடிய வரியையும் ஒரே பக்கத்தில் எழுதித் தருபவரை மேலிடம் கவனிக்கும்.

மூன்றாவது சற்றுக் கசப்பானது. நீங்கள் விடுப்பெடுத்தால் கணக்கு முடியாது என்ற நிலை பெருமையாகத் தோன்றலாம். ஆனால் உங்களை அந்த இடத்திலிருந்து நகர்த்த யாரும் துணியாததற்கும் அதுவே காரணம். உங்கள் வேலையின் படிநிலைகளை எழுதிவைத்து, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர் செய்ததைச் சரிபார்க்கும் நிலைக்கு நீங்கள் நகர வேண்டும். மேலாளரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி அதுதான்.

சிஏ (பட்டயக் கணக்காளர்) அல்லது சிஎம்ஏ (செலவுக் கணக்காளர்) படிப்பை முடித்தவர்களுக்கு வழி எளிது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தத் தகுதி இல்லாதவர்கள் ஈஆர்பி (எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒன்றிணைக்கும் மென்பொருள்) மாற்றம், புதிய இயந்திரத்துக்கான முதலீட்டு மதிப்பீடு போன்ற, பல பிரிவுகளோடு சேர்ந்து செய்யும் பணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உயர்வு வேண்டும் என்பதை வாய்திறந்து கேட்கவும் வேண்டும். மார்ச் மாத மதிப்பீட்டுக் கூட்டம் அதற்குப் பெரும்பாலும் தாமதம். அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டில் பணியிடங்களைக் கணக்கிடத் தொடங்கும் முன்பே, முடித்த பணிகளையும் பயிற்சி தந்த நபரையும் குறிப்பிட்டு மேலதிகாரியிடம் பேசிவிடுங்கள்.