கல்லீரல் கொழுப்பை நான் குறைத்த விதம்

மது தொட்டதே இல்லை, எனக்கு எப்படிக் கொழுப்புக் கல்லீரல் என்றுதான் மருத்துவரிடம் முதலில் கேட்டேன். வலியும் இல்லை. பலதுறை மருந்தகத்து ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற நொதி கூடியிருந்தது. அல்ட்ராசவுண்டில் கொழுப்பு தெரிந்தது. மருத்துவர் நாடாவால் இடுப்பை அளந்தார்: 98 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு 90 தாண்டக்கூடாதாம். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கித் தன்னிடமே சேர்த்துக்கொள்ளும் என்றார்.

"அண்ணே, வழக்கம்போலத்தானே?" என்பார் சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர்க் கடைக்காரர். தினமும் மூன்று தே தாரிக், அதாவது கெட்டிப்பால் கலந்து ஆற்றிய தேநீர். கண்ணாடிக் குவளையின் அடியில் இனிப்பான கெட்டிப்பால் ஒரு விரல் கனத்துக்கு இறங்குவதை அன்றுதான் நின்று பார்த்தேன். மறுநாள் தே ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். முதல் வாரம் ஒரே கசப்பு, மூன்றாம் வாரம் பழகிவிட்டது. இரவுப் பரோட்டாவை நிறுத்தினேன். சாப்பிட்டதும் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி 40 நிமிட நடை.

கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று சொந்தக்காரர் ஒரு பொடி தந்தார். நான் தொடவில்லை, சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுத்துவிடும், தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் அழற்சியும் தணியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏழு மாதத்தில் 82 கிலோ 75 ஆனது. ஏஎல்டி இயல்புக்கு வந்துவிட்டது. அப்புறம், கல்லீரலைத் தாக்கும் கிருமியான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன்.