ஒரே நேரத்தில் இரண்டு போன்கள்: சிக்னலைப் பிரிக்கும் கணக்கு, பேப்பரிலேயே

அ, ஆ என்று இரண்டு போன்கள். ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புகின்றன. அங்கே இரண்டு ஆண்டெனாக்கள். யார் எதை அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சிமுலேஷன் எழுத உட்காரும் முன் இதைக் கையால் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

படி 1: கணக்கை அமைப்பது

அனுப்புவது +1 அல்லது −1 மட்டும் (பிபிஎஸ்கே).

முதல் ஆண்டெனா = 1 × அ + 0.8 × ஆ + இரைச்சல்
இரண்டாம் ஆண்டெனா = 0.8 × அ + 1 × ஆ + இரைச்சல்

1, 0.8 என்ற சேனல் எண்கள் (வழியில் சிக்னல் எவ்வளவு மாறுகிறது என்பவை) பைலட் சிக்னலிலிருந்து, அதாவது முன்பே தெரிந்த சோதனை சிக்னலிலிருந்து, கிடைப்பவை. இரண்டு போன் என்றால் குறைந்தது இரண்டு பைலட் தேவை.

அ = +1, ஆ = −1 என்று வைப்போம். இரைச்சல் −0.1, +0.29. ஆண்டெனாக்களில் விழுவது 0.10, 0.09.

படி 2: ஜீரோ ஃபோர்சிங்

மேலே உள்ள நான்கு சேனல் எண்களையும் அடுக்கிய 2 × 2 அணிதான் சேனல் அணி. ஆண்டெனாக்களில் விழுந்ததை அதன் நேர்மாறால் பெருக்க வேண்டும்.

அ = (0.10 − 0.8 × 0.09) ÷ 0.36 = 0.08
ஆ = (0.09 − 0.8 × 0.10) ÷ 0.36 = 0.03

இரண்டுமே பிளஸ். ஆ தப்பாகிவிட்டது! காரணம் அந்த 0.36. அணியின் இரண்டு நிரல்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அணிக்கோவை சிறுத்துவிட்டது. அதனால் வகுக்கும்போது இரைச்சலின் திறன் (1 + 0.64) ÷ 0.1296, அதாவது 12.65 மடங்கு பெருகுகிறது. 11 டெசிபல் நஷ்டம்.

படி 3: எம்எம்எஸ்இ

இது பிழையின் வர்க்கச் சராசரியை முடிந்தவரை குறைக்கும் முறை. சேனல் அணியின் நிரை நிரல் மாற்று அணியைச் சேனல் அணியோடு பெருக்குங்கள். மூலைவிட்டத்தில் 1.64 வரும். அதோடு இரைச்சலின் மாறுபாட்டை (இங்கே 0.05) கூட்டி, பிறகு நேர்மாறு எடுங்கள். அதை நிரை நிரல் மாற்று அணியாலும், பிறகு ஆண்டெனாக்களில் விழுந்த சிக்னலாலும் பெருக்கினால் விடை. இரைச்சல் பெருக்கம் 2.6 மடங்காகக் குறைகிறது. விலையும் உண்டு: ஆ-வின் அளவு 0.71 ஆகச் சுருங்குகிறது, அ-வில் 0.27 பங்கு அதற்குள் கசிகிறது. நம் எடுத்துக்காட்டில் விடை 0.06, 0.04. இதுவும் தப்புதான். ஆனால் இதே சேனலில் சராசரிப் பிழை விகிதம் ஜீரோ ஃபோர்சிங்கில் 10.4%, இதில் 5.6%.

படி 4: மேக்சிமம் லைக்லிஹூட்

சாத்தியமான நான்கு ஜோடிகளையும் சேனலில் போட்டு, கிடைத்த சிக்னலிலிருந்து தூரத்தின் வர்க்கத்தைப் பாருங்கள்.

(+1, −1): 0.094
(−1, +1): 0.102
(+1, +1): 5.81
(−1, −1): 7.18

மயிரிழையில் சரியான விடை. சராசரிப் பிழை 5.1%. எம்எம்எஸ்இ எவ்வளவு அருகில் வந்துவிட்டது, பாருங்கள்! எட்டுப் பயனர்கள், 64-கியூஏஎம் (ஒவ்வொருவரும் 64 மதிப்புகளில் ஒன்றை அனுப்பும் முறை) என்றால் இந்தத் தேடலில் 281 லட்சம் கோடி சேர்க்கைகள். நேரடியாகச் செய்ய வழியே இல்லை. 64 ஆண்டெனாவும் 8 பயனரும் இருக்கும் மாசிவ் மைமோவில் நிரல்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகிவிடும். அங்கே எம்எம்எஸ்இ தாராளமாகப் போதும்.

சிமுலேஷன் புரோகிராமில் எங்கே சறுக்கும்

நிஜச் சேனல் எண்கள் கலப்பெண்கள். வெறும் நிரை நிரல் மாற்று போதாது, இணையெண்ணும் எடுக்க வேண்டும். மறந்தால் அது உண்மையான எம்எம்எஸ்இ ஆக இருக்காது, பிழை கூடும்.

இரைச்சல் மாறுபாட்டை மெய்ப் பகுதிக்குப் பாதி, கற்பனைப் பகுதிக்குப் பாதி என்று பிரியுங்கள். இரண்டுக்கும் முழுசாகக் கொடுத்தால் பிழை விகித கிராஃப் 3 டெசிபல் தள்ளிப்போகும்.

16-கியூஏஎம்முக்குப் போகும்போது எம்எம்எஸ்இ விடையை அந்தந்தப் பயனரின் சுருக்க எண்ணால் (மேலே 0.71) வகுத்த பிறகே முடிவெடுங்கள். பிபிஎஸ்கேயில் குறி மட்டும் பார்ப்பதால் இந்தப் பிழை வெளியே தெரியாது.