காட்டுக்குப் போயும் அமைதி கிடைக்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை, ஏரி, காடு என்று இரண்டு நாள் போய்விட்டு, கிளம்பியபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். "கூட்டமாக இருந்தது", "நினைத்த மாதிரி இல்லை" என்று பழி இடத்தின் மேல் விழும். ஆனால் தவறு பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தேடுவது காதுக்கு வேண்டியதை. இடத்தைத் தேர்ந்தெடுப்பதோ கண்ணை வைத்து.

படத்தைப் பார்த்து இடம் முடிவு செய்வது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். பனி படர்ந்த ஏரியின் படத்தில், அதன் கரையை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையின் சத்தம் கேட்காது. பக்கத்து விடுதியின் ஜெனரேட்டரும் விசைப்படகும் தலைக்கு மேல் போகும் விமானமும் படத்தில் விழாது. ஆகவே படத்தைப் பார்த்த கையோடு வரைபடத்தைத் திறந்து, நெடுஞ்சாலை, ரயில்பாதை, விமான நிலையம், கல்குவாரி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

தூரம் மட்டும் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெனரேட்டர் போல ஓரிடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். சாலை அப்படியல்ல. அது நீளமான கோடு. அதன் எல்லாப் பகுதியிலிருந்தும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதனால் தூரம் இரட்டித்தாலும் 3 டெசிபெல்தான் குறையும். 50 மீட்டரில் 70 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டரில் 67, 200 மீட்டரில் 64, 800 மீட்டர் போனாலும் 58. நிலமும் காற்றும் இன்னும் கொஞ்சம் உறிஞ்சும் என்றாலும், பெரிதாக நம்பியிருக்க முடியாது. ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அமைதியைத் தேடிப் போன இடம் அதைவிடச் சத்தமாக இருந்தால் போனதற்கே பொருளில்லை.

சத்தத்தை உண்மையில் வெட்டுவது நடுவில் நிற்கும் மேடுதான். குன்றுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால், கிலோமீட்டர் கணக்கில் நடந்தும் கிடைக்காத அமைதி சில நூறு மீட்டரிலேயே கிடைக்கும். எளிய விதி: சாலை கண்ணுக்குத் தெரிந்தால் காதுக்கும் கேட்கும். இதை அப்படியே திருப்பிப் போட்டு, சாலை கண்ணுக்குத் தெரியவில்லை, மரங்கள் மறைக்கின்றன, அது போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒரு வரிசை மரம் பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அடர்ந்த காடு பல பத்து மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் சில டெசிபெல் குறையும். அப்போதும் லாரியின் தாழ்ந்த உறுமல் இலைகளுக்குள் நுழைந்து வந்துவிடும்.

நடுப்பகலில் போய்ப் பார்த்து, "சத்தமே இல்லை" என்று முடிவு செய்துவிட்டு, விடியற்காலையில் எங்கோ தொலைவில் ஓடும் வண்டிகளின் இரைச்சலைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலே போக வேண்டிய ஒலி அந்த அடுக்கில் வளைந்து மறுபடி தரைக்கே இறங்கும். பள்ளத்தாக்குகளில் இது அதிகம். காற்றின் திசையும் முக்கியம். சாலையின் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறதோ, அந்தப் பக்கம் தங்குங்கள். எதிர்ப்பக்கம் தங்கினால் காற்றே சத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு சோதனை: கண்ணை மூடிக்கொண்டு 15 நிமிடம் உட்காருங்கள். மனிதர் உண்டாக்கிய சத்தம் எத்தனை முறை கேட்டது என்று விரல் விட்டு எண்ணுங்கள். பகலில் 15 நிமிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்றால் அது அரிதான இடம். இயற்கை ஒலிகளைப் பதிவு செய்யும் அமெரிக்கர் கார்டன் ஹெம்ப்டன் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான். 2005-இல் அவர் அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ஹோ மழைக்காட்டுக்குள் ஒரு சிறிய சிவப்புக் கல்லை வைத்து, அந்த ஒரு சதுர அங்குலத்தை மட்டும் இரைச்சலில்லாமல் காப்போம் என்றார். ஒரு அங்குலம் அமைதியாக இருக்க வேண்டுமானால், அதைச் சுற்றிப் பல மைல்களும் அமைதியாக இருந்தாக வேண்டும். இடம் தேடும் நமக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். கைப்பேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலிகள் மிக மெல்லிய சத்தங்களைச் சரியாகக் காட்டுவதில்லை. உங்கள் காதே போதும்.

சத்தமே இருக்காது என்று எதிர்பார்ப்பது

காடு ஊமையல்ல. விடியலில் பறவைகள் தூங்க விடாது, மழை பெய்த இரவில் தவளைகள் ஓயாது, சில்வண்டு காதைத் துளைக்கும். நிசப்தத்தை எதிர்பார்த்துப் போனால் இவையும் தொல்லையாகத் தோன்றும். தேடுவது இயந்திரமும் பேச்சும் இல்லாத நேரத்தை என்று தெளிவாக இருந்தால் இவற்றோடு பிணக்கு வராது.

ஓடையின் சலசலப்பு தூரத்து வண்டிச் சத்தத்தை நன்றாக மூடும். அதற்காக ஓடைக் கரையிலேயே கூடாரம் போடாதீர்கள். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கரையைவிட உயரமாக இருக்க வேண்டும். மேலே எங்கோ பெய்த மழையில் இரவோடு இரவாக வெள்ளம் வரலாம். விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வழியும் அதுதான். நெருங்கி வரும் எதுவும் சலசலப்பில் கேட்காது.

விடுமுறையில், பதினொரு மணிக்கு, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில்

கூட்டத்தில் மாட்ட இதைவிட நல்ல வழி இல்லை. அதே இடம் வேலை நாளில், விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், வேறு உலகமாக இருக்கும். வேறு நாள் கிடைக்காவிட்டால் தூரத்தைக் கூட்டுங்கள். நிறுத்துமிடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தாலே கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடும்.

போனதும் மனம் அடங்கிவிடும் என்று நம்புவது

இங்கேதான் பலர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். முதல் அரை மணி நேரம் நிலைகொள்ளாமல் தவிப்பது எல்லோருக்கும் நடப்பது. அமெரிக்க உளவியலாளர் டிமத்தி வில்சன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வெற்று அறையில் 15 நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார்கள். கையருகே மின்னதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருப்பதற்குப் பதில் அதை அழுத்திக்கொண்டார்கள். நாள் முழுதும் தூண்டுதலில் ஊறிய மனத்துக்கு வெறுமை அவ்வளவு கடினம்.

அதனால் மனத்தை வெறுமையாக்க முயலாதீர்கள். மெல்லப் பற்றிக்கொள்ள ஏதாவது கொடுங்கள். ஓடும் நீர், அசையும் இலை, நகரும் மேகம், எறும்பு வரிசை எதுவும் ஆகும். கவனத்தை இழுக்காமல் தாலாட்டும் காட்சிகள் இவை. சோர்ந்த கவனம் மீள்வதற்கு இத்தகைய மென்மையான ஈர்ப்பே உதவுகிறது என்பது ரேச்சல், ஸ்டீபன் கப்லான் இணையரின் கோட்பாடு. எவ்வளவு நேரம் என்று கேட்டால், நகரவாசிகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இயற்கைச் சூழலில் 20 முதல் 30 நிமிடம் இருந்தபோதுதான் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் மிக வேகமாகக் குறைந்தது. ஆகவே பத்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். நீங்கள் அசையாமல் இருந்தால், வந்தபோது வாயடைத்த பறவைகளும் அதற்குள் மறுபடி குரல் கொடுக்கத் தொடங்கியிருக்கும்.

ஒரே ஓர் இரவு தங்கித் திரும்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. புதிய இடத்தில் முதல் இரவு, மூளையின் ஒரு பாதி முழுமையாக ஆழ்ந்து தூங்காமல் காவல் காக்கிறது. இதை 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒற்றை இரவுப் பயணத்தில் அந்த அரைத் தூக்கம் மட்டுமே கிடைக்கும். இரண்டு இரவு முடிந்தால் தங்குங்கள். முடியாவிட்டால் இருட்டோடு கிளம்பி மாலையில் வீட்டுக்கு வந்து தூங்குங்கள்.

காபியை இந்தப் பயணத்தில் விட்டுப் பார்க்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும். அந்தச் சோதனையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைப் பாதி அணைப்பது

ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுப் பையில் வைத்திருந்தால், யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று மனம் பைக்குள்ளேயே கிடக்கும். கிளம்புமுன் வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும், "மாலை 6 மணிக்கு ஒருமுறை பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு, விமான நிலைக்கு (ஃப்ளைட் மோடு) மாற்றுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்தால் ஜி.பி.எஸ். பெரும்பாலான கைப்பேசிகளில் விமான நிலையிலும் வேலை செய்யும். பேட்டரியும் மிஞ்சும், சிக்னல் மங்கிய இடத்தில் கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜ் காலியாகிவிடும். படம் எடுப்பதைக் கிளம்பும் முன் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம்: உங்களைப் போலவே அமைதி தேடி வந்த இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் வீண். மங்கலான சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு இருந்தால் நட்சத்திரங்கள் தொலையாது.

ஒரு நாளில் நான்கு இடம்

அருவி, காட்சிமுனை, ஏரி, கோட்டை என்று அட்டவணை போட்டால் அது இன்னொரு வேலை நாள். மலை நடைக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி. இது உடல் பழகியவர் ஓய்வெடுக்காமல் நடக்கும் வேகம். நின்று கேட்டு நடப்பவர் இரு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஜப்பானில் 1982 முதல் பரவிய வனக்குளியலில், அதாவது காட்டைப் பார்த்தும் கேட்டும் முகர்ந்தும் மெல்ல நடப்பதில், இரண்டு மணி நேரத்தில் ஓரிரு கிலோமீட்டர்கூடக் கடக்காமல் போகலாம்.

பாதுகாப்பை விட்டுவிடுவது

பயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அமைதி ஏது? வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவி தேட வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அனுமதி தேவையான காட்டில் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள். பாதி வழியில் இருந்தாலும், குறித்த நேரம் வந்ததும் திரும்புங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குவது நல்லது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாக இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, பிறகு மூடிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிட உடல்நலமும் மனநிறைவும் கூடியவர்களாகத் தங்களைச் சொன்னார்கள். ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வேறுபாடு இல்லை. அதனால் பெரிய பயணத்துக்காகக் காத்திராமல், நடந்து போகும் தூரத்தில் ஒரு குளக்கரையையோ பூங்காவின் ஓரத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நான்கு காலை, அரை அரை மணி நேரம், ஒரே மரத்தடியில் உட்காருங்கள். இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். சில வாரங்களில் எந்தக் கிளையில் எந்தப் பறவை வந்து உட்காரும், எத்தனை மணிக்குச் சாலையில் முதல் பேருந்து இரையும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் உள்ள அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.