சுற்றுலா நாளில் பிள்ளையை வீட்டில் மறித்து வைக்காதீர்கள்

ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடம், என் மகளுக்குக் கோடை முகாமில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊரில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளையை ஏன் முகாமுக்கு விடுகிறாய்?" என்று கேட்டார். முட்கம்பிக்குள் மாதக்கணக்கில் இருந்தவருக்கு அந்தச் சொல்லின் பொருள் ஒன்றுதான். இங்கே முகாம் என்றால் காலையில் விட்டு மாலையில் கூட்டிவரும் இடம். விளையாட்டு, கைவேலை, நீச்சல், இடையிடையே எங்காவது ஒரு சுற்றுலா.

ஜூன் கடைசியில் பாடசாலை மூடினால், இங்கே செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் திறக்கும். ஒன்பது, பத்து வாரங்கள். நகரசபை முகாம்களுக்கான பதிவு கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே நடந்துவிடும். பள்ளி மூடிய பிறகு தேடினால் நல்ல இடங்கள் இருக்காது. பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்து, அவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 'வெல்கம் பாலிசி' என்ற கட்டண உதவி இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி கிடைக்க நாள் எடுக்கும், ஆகவே அதையே முதலில் செய்யுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சுற்றுலாவுக்கு முன் ஒரு சம்மதப் படிவம் வரும். அதில் 'காயம்', 'மரணம்' என்ற சொற்கள் இருக்கும். முதல் வருடம் அவற்றைப் படித்துவிட்டு நான் கையெழுத்து வைக்கவில்லை. மிருகக்காட்சிச் சாலைக்குப் போகும் நாளில் மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மறுநாள் மாலை கூட்டிவரப் போனபோது, மற்றப் பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கியைப் போல் கழுத்தை நீட்டி ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரோரம் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். அந்தக் காட்சி இன்றும் என் மனதை உறுத்துகிறது. புதுமொழி பேசத் தயங்கும் பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பது பெரும்பாலும் சுற்றுலா போகும் அந்த மஞ்சள் பஸ்ஸின் இருக்கையில்தான். அத்தகைய படிவம் எல்லா வீடுகளுக்கும் வருவது. அதில் அந்தச் சொற்கள் இருப்பதால், உங்கள் பிள்ளையை ஆபத்தான இடத்துக்குக் கொண்டு போகிறார்கள் என்று பொருளில்லை. ஐயம் இருந்தால் பொறுப்பாளரிடம் நேரில் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், தண்ணீர் உள்ள இடமா? கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

தண்ணீர்தான் நம்மவர்களுக்குப் பெரிய பயம். நீச்சல் தடாகங்களில் உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள். சோதனை வைத்து, நீந்தத் தெரியாத பிள்ளையை ஆழமான பகுதிக்கு விடமாட்டார்கள். "நீந்தத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். நீச்சல் உடையும் துவாயும் கொடுக்க மறந்தால், பிள்ளை வாங்கிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. காடு, ஆறு, சதுப்புநிலம் எல்லாம் உள்ள அருமையான இடம். அங்கே கறுங்கால் உண்ணிகளும் உண்டு. அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை. குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். நடைப்பயணம் போகும் நாளில் நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகி விடுங்கள். மாலையில் குளிக்க வார்க்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக மெல்ல இழுங்கள். எண்ணெய் பூசவோ நெருப்பால் சுடவோ கூடாது. 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பிறகு காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள். மூன்று மூன்று இலைகளாக இருக்கும் செடியைத் தொடக்கூடாது என்றும் பிள்ளைக்குப் பழக்குங்கள். அது பாய்சன் ஐவி என்ற நச்சுச் செடியாக இருக்கலாம். பட்டால் தோல் நாட்கணக்கில் அரிக்கும்.

சாப்பாட்டில் ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கச்சான், முந்திரி எதுவும் அனுப்பக்கூடாது. நம் மிக்சரிலும் சில இனிப்புகளிலும் அவை கலந்திருக்கும். ஒவ்வாமை உள்ள இன்னொரு பிள்ளைக்கு அது உயிராபத்து. சூடாக்கும் வசதி இருக்காது என்பதால் ஆறினாலும் சாப்பிடக்கூடியதைக் கட்டுங்கள். ரொட்டியைச் சுருட்டிக் கொடுத்தால் பஸ்ஸிலும் கையில் பிடித்துச் சாப்பிடலாம். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, வெயிலுக்குப் பூசும் கிறீம் மூன்றிலும் பெயர் எழுதுங்கள். நமக்குக் கறுத்த தோல், கிறீம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா மருந்து இருந்தால் படிவத்தில் எழுதி, மருந்து யாரிடம் இருக்க வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

மாலையில் யார் கூட்டிவர வருவார்கள் என்ற பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். சித்தப்பாவானாலும் சரி, அம்மம்மாவானாலும் சரி. வரக்கூடிய எல்லாருடைய பெயரையும் முதலிலேயே எழுதுங்கள். வருபவர் புகைப்பட அடையாள அட்டையோடு வரட்டும்.

பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் வேலை செய்வதற்காகவோ படிப்பதற்காகவோ பிள்ளையைப் பகல் முகாமில் விட்டிருந்தால், அந்தச் செலவைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாக வரிப்பத்திரத்தில் காட்டலாம். தம்பதியரில் பொதுவாக வருமானம் குறைந்தவரே அதைக் காட்ட வேண்டும்.

இடம் கிடைக்காத வாரங்களும் வரும். 12 வயது வரையான பிள்ளைகளுக்கு ரொறன்ரோ பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் கட்டணம் இல்லை. நூலக அட்டை இருந்தால் சில அருங்காட்சியகங்களுக்கு இலவச நுழைவுச் சீட்டு எடுக்கலாம். எண்ணிக்கை குறைவு என்பதால் முந்திக்கொள்ளுங்கள். ரூஜ் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றையும், அதன் பெற்றோரைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.