பழைய அமெரிக்க மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, புதிதாக வாங்கிய மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து ஆசையாகக் காட்டினார். பெட்டி பழையது. பிடியில் 'ஓல்டு டைமர்' சின்னம். கொடுத்த விலையும் பழைய கத்திக்கு உரிய விலைதான். அலகைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் ஏமாந்த அதே விதம். துருப்பிடித்ததை வாங்காதே, அலகு ஆடுகிறதா என்று பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். பிராண்டுப் பெயர்களில் இடறி விழுவதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரைப் பார்த்துத் தொழிற்சாலையை முடிவு செய்வது

ஓல்டு டைமர் தனிக் கம்பெனி அல்ல. நியூயார்க் மாநிலம் எல்லன்வில்லில் இருந்த ஷ்ரேடு கம்பெனியின் ஒரு வரிசை. பழுப்பு நிற டெல்ரின் (ஒரு வகை பிளாஸ்டிக்) பிடி, பெரும்பாலும் கார்பன் எஃகு அலகு, அன்றாட வேலைக்கான கத்தி. 'அங்கிள் ஹென்றி' அவர்களுடைய இன்னொரு வரிசை. மான்கொம்பு போலத் தெரியும் பிடி, விலை கொஞ்சம் கூடுதல். கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவரான ஹென்றி பேயரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

2004-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. டென்னசியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் பெயர்களை வாங்கியது. அப்புறம் அதே பெயர், அதே மாடல் எண், ஏறக்குறைய அதே தோற்றத்தோடு சீனாவில் செய்த கத்திகள் கடைக்கு வந்தன.

நான் விழுந்த இடம் இதுதான். பென்சில்வேனியாவில் ஒரு பழைய பொருள் சந்தை, விடிந்தும் விடியாத நேரம். '8ஓடி' என்ற மூன்று அலகுக் கத்தி. பெட்டியில் எல்லன்வில் என்று அச்சிட்டிருந்தது. "பழைய சரக்கு, பிரிக்கவே இல்லை" என்றார் விற்றவர். பெட்டியைப் படித்தேன், பிடியைத் தடவிப் பார்த்தேன், 60 டாலர் கொடுத்தேன். வீட்டில் தினமும் அதில்தான் ஆப்பிள் நறுக்கினேன். கார்பன் எஃகு என்றால் இரண்டு மூன்று நாளிலேயே நீலமும் சாம்பலுமாக நிறம் மாறத் தொடங்கும். இரண்டு வாரம் ஆகியும் அலகு வெள்ளி போலவே மின்னியது. சந்தேகம் வந்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். முத்திரையில் 'யு.எஸ்.ஏ.' இல்லை. காலிப் பெட்டிகளைத் தனியாக விற்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்தக் கத்தி நன்றாகவே வெட்டியது. கால்வாசி விலைக்கு வாங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மூடிப்போன தொழிற்சாலையின் கத்திக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு வந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தபோது இன்னும் கூடுதலாக உறுத்தியது.

அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் தட்டையான ஒரு பகுதி இருக்கும். அதை டேங் என்பார்கள். அங்கே அடித்த முத்திரையைத்தான் முதலில் படிக்க வேண்டும், இரண்டு பக்கமும். எல்லன்வில் கத்தியில் ஷ்ரேடு பெயரோடு 'யு.எஸ்.ஏ.' இருக்கும். பெட்டியும் பிடியில் பதித்த சின்னமும் அதற்குப் பிறகுதான். கையில் ஒரு சின்ன டார்ச்சும் லென்சும் இல்லாமல் நான் இப்போது சந்தைக்குப் போவதில்லை.

எளிய வரிசையை மட்டம் என்று ஒதுக்குவது

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 2006-இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, நார்த்ஃபீல்டு, டிடியூட் என்ற இரண்டு பழைய பெயர்களையும் பயன்படுத்துகிறது. நார்த்ஃபீல்டில் மெருகும் அலங்காரமும் அதிகம், டிடியூட் எளிமையானது. அதைப் பார்த்து டிடியூட்டை இரண்டாம் தரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தொழிற்சாலை ஒன்றுதான், எஃகும் பெரும்பாலும் அதே 1095 ரகக் கார்பன் எஃகு. தினமும் பையில் போட்டுக்கொள்ள நான் எடுப்பது டிடியூட்தான்.

கடைப் பெயர் என்றதும் முகம் சுளிப்பது

அமெரிக்காவின் சியர்ஸ் கடை விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கத்திகளை ஷ்ரேடும், நியூயார்க் மாநிலத்தின் இன்னொரு கத்திக் கம்பெனியான கமிலஸும் செய்து கொடுத்திருக்கின்றன. பக் கம்பெனியின் ஆரம்பகால 300 வரிசைக் கத்திகளும் அந்த இரண்டு இடங்களிலிருந்தே வந்தன. 1982-இல் ரெமிங்டன் பெயரில் மறுபடி வந்த 'புல்லட்' கத்தி கமிலஸ் செய்தது. இந்தக் கலப்பு தெரிந்தவர்கள், யாரும் திரும்பிப் பார்க்காத கிராஃப்ட்ஸ்மேன் கத்தியைக் குறைந்த விலைக்கு எடுத்துப் போகிறார்கள்.

கேஸ் கத்தியில் புள்ளியை மட்டும் எண்ணுவது

கேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, கத்தி செய்த வருடத்தை டேங்கில் புள்ளிகளால் குறித்தது. 1970-இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளி. வருடத்துக்கு ஒன்று குறையும். 1980-இல் மறுபடி 10. புள்ளியை எண்ணிய பிறகு, முத்திரையில் கேஸ் பெயரில் உள்ள 'எஸ்' எழுத்தைப் பாருங்கள். மின்னல் போல ஒடிந்திருந்தால் எண்பதுகள்.

மஞ்சள் பிடி என்றால் கார்பன் எஃகு என்று நம்புவது

கேஸ் கம்பெனி மஞ்சள் பிடிக் கத்தியைக் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு இரண்டிலும் செய்கிறது. டேங்கில் 'சிவி'யா (கார்பன்), 'எஸ்எஸ்'ஸா (துருப்பிடிக்காதது) என்று படியுங்கள்.

குயின், ஷாட் அண்ட் மார்கன்

ஷாட் அண்ட் மார்கன், குயின் கம்பெனியின் உயர்ந்த வரிசை. டைட்டஸ்வில்லில் இருந்த குயின் தொழிற்சாலை 2018-இல் மூடிவிட்டது. பெயர்கள் கைமாறிவிட்டன. எந்த வருடத்துக் கத்தி என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

டேங்கைத் தேய்த்து மெருகேற்றுவது

கூடவே கூடாது. முத்திரை அழிந்துவிடும்.